மிடற்றின் கதவு: முத்துக்குளித்துறையும் குரல்வளை பற்றிய அறிவின் வளர்ச்சியும்

மன்னார் வளைகுடாவின் பார்களில் சிப்பி அள்ள மூழ்கியவர்கள், தோணியில் கயிறு பிடித்திருந்த ஆளை நம்பினார்கள். அவரைவிடவும் நெருக்கமான ஒரு காவல் அவர்கள் கழுத்துக்குள்ளேயே இருந்தது. ஏறக்குறைய ஒரு நிமிடம் காற்றை உள்ளே அடைத்து, கடல்நீரை வெளியே நிறுத்திய குரல்வளைதான் அது. பேச்சுக்கும் பாட்டுக்கும் உரியதாகவே நாம் எண்ணும் இந்த உறுப்பின் மூத்த வேலை காவல்தான் என்று மருத்துவ உலகம் விரிவாக நிறுவியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை நடந்த தேடலில் தமிழுக்கும் இந்தக் கரைக்கும் பங்கு உண்டு.

தொல்காப்பியத்தின் பிறப்பியல்தான் நமக்குக் கிடைக்கும் முதல் சான்று. கொப்பூழிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்கிறது அந்நூல். இதில் வியக்கவேண்டியது, பன்னிரண்டு உயிர்களையும் மிடற்றுக் காற்றுக்கு உரியவையாகப் பிரித்துக் காட்டியது. பிற்காலத்து நன்னூல், உயிரோடு இடையினத்தையும் மிடற்றில் வைத்து, வல்லினத்தை நெஞ்சுக்கும் மெல்லினத்தை மூக்குக்கும் கொடுத்தது. உடலை அறுத்துப் பார்க்காமல், காதாலும் வாயாலும் மட்டுமே கண்டறிந்த பாகுபாடு இது. உள்ளே சுழலும் காற்றின் அளவு அந்தணர் மறையில் உள்ளது; இங்கே சொல்வது வெளியே இசைக்கும் ஒலியை மட்டுமே என்று தொல்காப்பியரே எல்லையும் வகுத்துவிடுகிறார். ஆய்வாளர்கள் அடிக்கடி தாண்டிப் போய்விடும் இடம் அது. கேட்கும் ஒலியை ஆராய்ந்த மரபு, அந்த ஒலியை எழுப்பும் தசையைத் தேடப் புறப்படவில்லை.

தேடியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் காலன் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் ஒரு நரம்பை அறுத்துக் காட்டினார். பன்றி உயிரோடிருந்தது, குரல் மட்டும் நின்றுபோனது. மார்புக்குள் இறங்கி, வளைந்து, மறுபடி மேலேறிக் குரல்வளையை அடையும் அந்த மீள்நரம்பைக் கண்டதுதான் இத்துறையின் முதல் பெரும் பாய்ச்சல். பிறகு நெடுங்காலம் தேக்கம். 1543இல் வெசாலியஸின் உடற்கூற்று நூல் வந்தது. 1601 வாக்கில் கசேரியஸ், குரலுக்கும் செவிக்கும் உரிய உறுப்புகளுக்கென்றே செப்புத்தகட்டுப் படங்களோடு ஒரு தனி நூலை ஃபெராராவில் வெளியிட்டார்.

வெசாலியஸின் நூல் வந்த 16ஆம் நூற்றாண்டிலேயே, முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. போர்ச்சுகலிலிருந்து வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார், பரதவர்களிடையே வாழ்ந்து, அவர்கள் பேச்சைக் கேட்டுப் போர்ச்சுகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். கல்விமேடைத் தமிழைவிடக் கரைத்தமிழின் சாயலே அதில் மிகுதி. ஐரோப்பிய எழுத்தில் தமிழை எழுத முனைந்த எவருக்கும் உடனே எதிர்ப்படும் சிக்கல் ஒன்று உண்டு: ஒரே வல்லெழுத்துக்கு இரண்டு ஒலிகள்.

தூத்துக்குடி என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். முதலில் நிற்கும் தகரம், இரட்டித்த தகரம், இரட்டித்த ககரம் மூன்றும் அதிர்வற்றவை. அவற்றை ஒலிக்கும் கணத்தில் குரல்நாண்கள் விலகி நிற்கின்றன. கடைசியில் இரு உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் டகரத்தில் அதிர்வு அறுபடுவதில்லை. தொண்டையில் விரல் வைத்து மெதுவாகச் சொன்னால் இந்த வேறுபாடு கைக்கே தெரியும். சொல்லில் எழுத்து நிற்கும் இடம் இந்த மாற்றத்தை முடிவுசெய்வதை, தேரிக்காட்டை ஒட்டிய இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் முக்கிய விதியாகவே எடுத்துக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் மானுவேல் கார்சியா என்ற பாட்டு கற்பிக்கும் ஆசிரியர், பல் மருத்துவர் கண்ணாடியும் சூரிய ஒளியும் கொண்டு உயிருள்ள தொண்டையில் குரல்நாண்கள் அசைவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்திருந்தார். மாறுபாட்டின் விதியும் அது நிகழும் இடமும் ஓராண்டு இடைவெளியில் எழுத்தேறின.

அந்த இடத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். குரல்வளையில் ஒன்பது குருத்தெலும்புகள். முன்னால் தைராய்டு குருத்தெலும்பு. ஆண்களின் கழுத்தில் துருத்தித் தெரிவது இதுதான். அதன்கீழ் முழு வளையமாகக் கிரிக்காய்டு. வளையத்தின் பின்விளிம்பில் இரண்டு சிறிய அரிட்டினாய்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. குரல்நாண்களின் முன்முனை தைராய்டிலும் பின்முனை அரிட்டினாய்டுகளிலும் பிணைந்திருப்பதால், அரிட்டினாய்டு திரும்பினால் நாணும் நகரும். மூடுவதற்குப் பல தசைகள்: பக்கவாட்டுக் கிரிக்கோ-அரிட்டினாய்டு, இரு அரிட்டினாய்டுகளுக்கு இடையே ஓடும் தசை, நாணோடு சேர்ந்தே கிடக்கும் தைரோ-அரிட்டினாய்டு. திறப்பதற்கோ பின்புறக் கிரிக்கோ-அரிட்டினாய்டு என்னும் ஒரே இணை. நாணை இழுத்துச் சுருதியை உயர்த்தும் கிரிக்கோ-தைராய்டுக்கு மட்டும் நரம்பு தனி. மற்ற உள்தசைகளுக்கெல்லாம் காலன் கண்ட மீள்நரம்பே கட்டளை கொண்டுபோகிறது.

இத்தகைய உடற்கூற்று அறிவைத் தமிழில் பாடமாக்கிய பெருமை யாழ்ப்பாணத்துக்கு உரியது. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கட்டர் என்பவரின் உடற்கூற்று நூலை 1857இல் தமிழாக்கி வெளியிட்டார். 1872இல் அதைவிடப் பெரிய ‘மனுஷ அங்காதிபாதம்’ வந்தது. ஆங்கிலம் அறியாத மாணவரும் எலும்பையும் தசையையும் நரம்பையும் தாய்மொழியில் படிக்க அவர் வழிசெய்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் தமிழில் மருத்துவக் கல்வி முடியுமா என்று கேட்பவர்கள் அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது புரட்டிப் பார்க்கவேண்டும்.

குரல்வளையின் மூத்த வேலை எது என்ற கேள்விக்கு விடை வந்தது அதற்குப் பிறகுதான். 1929இல் விக்டர் நீகஸ் என்ற மருத்துவர், பல விலங்குகளின் குரல்வளைகளை ஒப்பிட்டு எழுதிய நூலில் காவல் முந்தியது, குரல் பிந்தியது என்று விளக்கினார். நுரையீரல் மீன்களிலேயே நீர் புகாமல் தடுக்கும் இறுக்குத்தசை இருக்கிறது.

முத்துக்குளிப்பவரின் உடலில் இந்த மூத்த வேலை முழுமையாக வெளிப்படுகிறது. மூச்சை நிறைய இழுத்ததும் மூடுதசைகள் சேர்ந்து இறுக, நாண்களும் அவற்றுக்கு மேலிருக்கும் பொய்நாண்களும் நெருங்குகின்றன. பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்கிவிடும். செவிப்பறை வலிக்காதிருக்க, மூக்கைப் பொத்திக் காற்றைக் காதுக்குத் தள்ளவேண்டும்; மார்பிலிருந்து தள்ளினால் குரல்வளை அந்த நொடியில் திறந்தாகவேண்டும். ஒரு துளி உப்புநீர் தொண்டைக்குள் இறங்கினாலும், சிந்தனைக்கு முன்பே குரல்வளையின் மேல்நரம்பு உணர, கதவு சாத்திக்கொள்கிறது.

தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. சங்குகுளி இன்னும் தொடர்கிறது; ஆனால் இப்போது பலர் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே மூச்சு வாங்கியபடி இறங்குகிறார்கள். இதனால் குரல்வளையின் கணக்கு தலைகீழாகிவிட்டது. மூச்சடக்கி மூழ்கியவருக்கு மேலே வரும்போது காற்று பழைய அளவுக்கே விரியும். பத்து மீட்டர் அடியில் குழாய்க்காற்றை நெஞ்சு நிறைய வாங்கியவருக்கோ நீர்மட்டத்தை எட்டும்போது அது இரு மடங்காகும். பழக்கத்தாலோ பதற்றத்தாலோ மிடற்றை மூடிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம். அதனால் கம்ப்ரசர் குளியாளிகளுக்குச் சொல்லித்தரவேண்டிய முதல் பாடம், ஏறும்போது காற்றை விட்டுக்கொண்டே மெதுவாக ஏறுவது.