பரம்பரைப் பட்டோவியங்களின் காலத்தை அறிதல்

நம்மவர் இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் ஆகிய துறைமுகங்களில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் ஊருக்குக் கொணர்ந்த பொருள்களுள் சீன, ஜப்பானியப் பட்டோவியங்களும் சில உண்டு. பாகப்பிரிவினை வரும்போதுதான் இவற்றின் வயதைப்பற்றிப் பேச்செழுகின்றது. ஆயிரம் வருஷத்துப் பழமை என்பார் ஒருவர்; கடைத்தெருச் சரக்கு என்பார் மற்றொருவர். அதற்குள் பழம்பொருள் வாங்குவோர் வாயிலில் வந்து, சட்டத்தின் விலையைக் கொடுத்துப் படத்தைக் கொண்டுபோய்விடுகின்றனர்.

முதலில் நோக்கத்தக்கது ஓவியத்தின் ஓரத்திலுள்ள எழுத்து. சீனர் வருஷத்தைப் பத்துக் குறிகளும் பன்னிரண்டு குறிகளும் இணைந்த ஈரெழுத்தால் வழங்குவர். அவ்வாறு அமையும் பெயர்கள் அறுபது. பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது வருஷங்களைப் பேரேட்டின் தலைப்பில் எழுதி வந்த நமக்கு இதன் நயமும் தொல்லையும் விளக்க வேண்டுவதில்லை. நமது பிரபவ 1867-லும் 1927-லும் வந்தது போல, அவர்களுடைய முதல் வருஷமாகிய சியாசி 1864-லும் 1924-லும் வந்தது. ஆகவே அப்பெயரை மட்டும் படித்த ஒருவர் காலத்தை அறிந்தவராகார். அறுபது வருஷ இடைவெளியில் எது என்பதை வேறு சான்றுகொண்டே தெளிதல் வேண்டும்.

அச்சான்று பல வீடுகளில் பரணிலேயே கிடக்கின்றது. மேலாளராகச் சென்றோர் பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கில் போய்வந்தனர். அவர்தம் புறப்பாடும் திரும்புகையும் கடிதங்களிலும் ஏடுகளிலும் உள. பாட்டனார் 1910-இல் கடைசியாக ஊர் சேர்ந்தாரெனில், அவர் கொணர்ந்த படத்திலுள்ள சியாசி 1924 ஆகாது. ஆயினும் அவர் வாங்கும்போதே அது பழையதாக இருந்திருக்கலாம். ஏடு காட்டுவது பின்னெல்லை ஒன்றையே.

ஜப்பானியர் அரசர் ஆட்சிப்பெயரை இட்டு ஆண்டெண் தருவதால் அங்கு இடர்ப்பாடு குறைவு. மெய்ஜி 30 என்றால் 1897. தைஷோ 1912 முதல் 1926 வரை.

பெயரை நம்பலாமோ என்றால், தயங்குதல் வேண்டும். முன்னோரைப் பின்பற்றி எழுதுதல் சீனத்தில் குற்றமன்று. ஏமாற்றும் நோக்கோடு பழம்பெயர் இட்டவரும் பலர். மாறாக, சுமார் 1000-ஆம் ஆண்டில் வாழ்ந்த பான் குவான் வரைந்த மலைவழிப் பயணியர் என்னும் பட்டோவியத்தில் பெயரே இல்லையென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1958-இல்தான் இலைகளுக்கிடையே ஒளிந்திருந்த கையெழுத்தை லி லின்சான் என்னும் அறிஞர் கண்டார். அவ்வோவியம் இன்று தைப்பே அரண்மனைக் காட்சிசாலையில் உள்ளது.

முத்திரைகளும் அவ்வாறே மயக்குவன. 1735 முதல் 1796 வரை ஆண்ட சியென்லுங் பேரரசர் தமக்குக் கிட்டிய பழம்படங்களில் மனம்போனபடி முத்திரை குத்தினார். (அந்த ஆசை நமக்குச் சற்று மிகையாகவே தோன்றுகின்றது.) லண்டன் பிரிட்டிஷ் காட்சிசாலை 1903-இல் பெற்ற மிகப் பழைய பட்டுச்சுருளொன்றிலும் அவை உண்டு. முத்திரை சொல்வது உடையவரை, எழுதியவரையன்று.

பட்டு பழுப்பேறியிருத்தலும் போதாது. தேயிலைச் சாற்றால் அந்நிறம் ஏற்றுவதுண்டு. பின்னொட்டிய தாள் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். வர்ணம் பொய் சொல்வது அரிது: பெர்லின் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறியப்பட்ட நீலம் மூல வர்ணத்தில் இருப்பின், படம் அதற்கு முற்பட்டதன்று. பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தோன்றினால் அஃது அச்சுப்படம்.

ஆராயுமுன் ஈரத்துணியால் துடைத்துவிடுவோரும் உளர். வர்ணங்கள் பசையில் குழைத்தவையாதலின் நீர் பட்டால் எழுத்தோடு போய்விடும். துடையாமல், பின்தாளைக் கிழியாமல், எழுத்தும் முத்திரையுமுள்ள மூலைகளைப் பகலொளியில் நிழற்படம் எடுத்து, ஏட்டிலுள்ள வருஷக்குறிப்போடு சேர்த்து வைப்பது போதும். சீன எழுத்தறிந்தவர் அதனைக்கொண்டே படித்துச் சொல்வர்.