ஆழக் குதிப்புப் பயிற்சியின் வரலாறு

ஆழக் குதிப்பு என்பது, ஒரு பெட்டியின் மேலிருந்து தரையில் இறங்கி, கால் தரையைத் தொட்டவுடனேயே முழு வலிமையுடன் மேல்நோக்கி எழும்பும் பயிற்சியாகும். குதிக்கும் உயரத்தைக் கூட்டுவதற்காகத் தடகள, கூடைப்பந்து, கைப்பந்து வீரர்கள் இன்று உலகெங்கும் இதைச் செய்கின்றனர். இது சோவியத் ஒன்றியத்தில் உருவானது.

பின்னணி

பளு தூக்கினால் உடல் இறுகி வேகம் குறையும் என்று ஒரு காலத்தில் பயிற்றுநர்கள் பலர் நம்பினர். சோவியத் உயரம் தாண்டுதல் வீரர் வலேரி புருமெல் (1942–2003) இந்த நம்பிக்கையைப் பொய்யாக்கினார். விளாதிமிர் தியாச்கோவிடம் பயின்ற அவர், தோளில் பளுவைத் தாங்கி உட்கார்ந்து எழும் பயிற்சிகளை விடாமல் செய்தார். 1961 முதல் 1963 வரை 6 முறை உலக சாதனை படைத்து, அதனை 2.23 மீட்டரிலிருந்து 2.28 மீட்டருக்கு உயர்த்தினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

தோற்றம்

அதே காலத்தில் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி (1928–2010) மும்முறை தாண்டுதலை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் வீரரின் ஒற்றைக் கால் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. கால் தரையில் இருக்கும் நேரமோ ஒரு நொடியின் சிறு பகுதியே. பளு தூக்குதலில் இத்தகைய விரைவு இல்லை. எனவே, உயரத்திலிருந்து விழும் உடலின் வேகத்தையே பளுவாகப் பயன்படுத்தும் பயிற்சியை அவர் வகுத்தார். அதற்கு ‘அதிர்ச்சி முறை’ என்று பெயரிட்டார்.

செயல்படும் விதம்

தரையிறங்கும்போது தொடை, கெண்டைக்கால் தசைகளும் குதிகால் நாணும் இழுபடுகின்றன. உண்டிவில்லின் ரப்பர் போல அவை ஆற்றலைச் சேமிக்கின்றன. உடனே எழும்பினால் அந்த ஆற்றலும் தசையின் வலிமையோடு சேர்ந்துகொள்ளும். தாமதித்தால் அது வெப்பமாக வீணாகும். ஆகவே இப்பயிற்சியில் பெட்டியின் உயரத்தைவிடத் தரையில் கால் நிற்கும் நேரம் குறைவாக இருப்பதே முக்கியம்.

பரவலும் எச்சரிக்கையும்

1975இல் அமெரிக்க முன்னாள் ஓட்டவீரர் பிரெட் வில்ட் இவ்வகைப் பயிற்சிகளுக்கு ‘பிளையோமெட்ரிக்ஸ்’ என்ற பெயரைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். நாளடைவில் கயிறு தாண்டுதல் முதல் பெட்டி மேல் ஏறிக் குதித்தல் வரை எல்லாமே அப்பெயரில் அடங்கின. ஆனால் வெர்கோஷான்ஸ்கியின் முறை தொடக்கநிலையாளருக்கானதன்று. அவர் பரிந்துரைத்த 75 முதல் 110 செ.மீ. வரையிலான உயரங்கள், பல ஆண்டுகள் பளுப்பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. புதியவர்கள் முதலில் கால் வலிமையை வளர்த்துக்கொண்டு, முழங்கால் உட்புறம் சாயாமல் மென்மையாகத் தரையிறங்கப் பழக வேண்டும். பிறகு தாழ்ந்த பெட்டியில், குறைந்த எண்ணிக்கையில், போதிய ஓய்வுடன் குதிக்கத் தொடங்கலாம். புருமெலின் உயரமும் பல ஆண்டு உழைப்பால் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வந்ததே.