துளைக்கருவிக் காவலின் வரலாறு

மண்ணையும் பாறையையும் துளைத்து ஆழத்தில் உள்ளதை அறிய முயலும் தொழில் மிகப் பழையது. அத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் துளைத்த ஆழத்தையும் கிடைத்த பொருளையும் கணக்கிடுவர். துளைத்த கருவி எங்கே வைக்கப்பட்டது, அது நலமாய் உள்ளதென எவர் எவ்வாறு அறிந்தார் என வினவுவோர் சிலரே. இன்று பெற்றோலியக் கிணறுகளிலே துளைக்கருவிகளை எடுத்து அடுக்கும் வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. அவற்றின் நலத்தை உணர்கருவிகள் இடையறாது கணினிக்கு அறிவிக்கின்றன. இதனை முற்றிலும் புதியதோர் அறிவெனப் பலர் கருதுகின்றனர். ஆயின், சப்பிரகமுவ மாகாணத்தின் குழிகளையும் சுரங்கங்களையும் ஊன்றி நோக்குவோர்க்கு, அவ்வறிவின் வேர் தொழிலாளரின் காதிலும் கையிலும் இருந்தமை புலனாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. காதும் கையும்

இரத்தினபுரி மாவட்டத்தின் மாணிக்கக் கற்கள் பள்ளத்தாக்குகளின் வண்டற் படிவுகளுக்குக் கீழே, பரற்கற் படையொன்றிற் கிடைக்கின்றன. இப்படையைச் சிங்களத்தில் ‘இல்லம்’ என்பர். குழி வெட்டத் தொடங்குமுன் நீண்ட இரும்புக் கோல் ஒன்றை நிலத்தில் இறக்கிப் பார்ப்பது அங்குள்ளோர் மரபு. கோலின் நுனி பரலைத் தொடும்போது எழும் ஒலியும், கைக்கு ஏறும் அதிர்வும், வெளியே எடுத்தபின் நுனியிற் காணப்படும் கீறல்களும் கீழே இருப்பது களியோ மணலோ பரலோ என்பதை அநுபவம் மிக்கவனுக்கு உணர்த்துகின்றன. எனவே துளைக்கும் கருவியே செய்தி கூறும் கருவியாகவும் அமைகின்றது. வளைந்த கோலும் மழுங்கிய நுனியும் பொய்ச்சான்று பகரும். ஆதலின் கோலைப் பேணுதல் நிலத்தைப் பற்றிய உண்மையைப் பேணுதலாகும்.

இவ்வுண்மை மாணிக்கக் குழிக்கு மட்டும் உரியதன்று. கேகாலைப் பகுதியின் இறப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டும் தொழிலாளி தன் கத்தியின் கூரை ஓயாது கவனித்தல் வேண்டும். கத்தி மழுங்கினால் வெட்டின் ஆழம் அவன் கைக்கு அடங்காது. உள்ளிருக்கும் வளர்படை காயமுறும். காயமுற்ற பட்டை முடிச்சிட்டு வளர்ந்து, பின்னர் வெட்டுவதற்கு உதவாது போகும். கருவியின் நோய் மரத்தின் நோயாய் மாறும் விதம் இது. பதிவேடு எதிலும் இடம்பெறாத இத்தகைய கவனமே தோட்டப் பொருளாதாரத்தைத் தாங்கி நின்றது எனின் மிகையாகாது.

2. உலையும் தட்டும்

பாறையைத் துளைக்கும் இடத்தில் இக்கவனம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட புகையிரதப் பாதை 1865இல் அம்பேபுஸ்ஸையையும் 1867இல் கண்டியையும் அடைந்தது. இறம்புக்கணைக்கு அப்பால் கடுகண்ணாவை நோக்கி ஏறும் சரிவிலே பாறை வெட்டுக்களும் சுரங்க வழிகளும் பல. நோபல் என்பார் டைனமைற் வெடிமருந்துக்குக் காப்புரிமை பெற்றதே 1867இல் தான். ஆகவே அப்பாதையை அமைத்தோர் கையால் துளையிட்டுக் கருமருந்து நிரப்பியே பாறையைப் பிளக்க வேண்டியிருந்தது.

கேகாலை மாவட்டத்துப் போகலையிற் காரீயம் அகழ்ந்தோர்க்கும் கைத்துளையே நெடுங்காலம் துணை செய்தது. காரீயம் விரலால் தேய்த்தாற் கறுப்பாய் ஒட்டும் மென்மையான பொருள். அதனைச் சூழ்ந்திருக்கும் பாறையோ மிக வன்மையானது. மென்பொருளைப் பெற வன்பாறையைத் துளைத்தல் இச்சுரங்கத்தின் இயல்பு. முதலாம் உலகப்போர்க் காலத்தில், உலோகம் உருக்கும் மூசைகள் செய்வதற்கு இலங்கைக் காரீயம் பெரிதும் வேண்டப்பட்டது. ஏற்றுமதியும் உச்சத்தை எட்டியது. 1971இல் இச்சுரங்கம் அரசுடைமையாகிப் பின்னர்க் கம்பனியொன்றின் பொறுப்பிற்கு வந்தது. அதன் மட்டங்களை இன்றும் பாகக் கணக்கிலேயே குறிப்பிடுவர். 275 பாகம், அஃதாவது ஏறக்குறைய 500 மீற்றர், ஆழத்திலும் வேலை நடைபெற்றுள்ளது.

கைத்துளைக் காலத்தில் உலகெங்கும் சுரங்க வாயிலில் ஒரு கொல்லுலை இருந்தது. மழுங்கிய உளிக்கோல்கள் அங்கே வந்து சேரும். கொல்லன் அவற்றைக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து, மீளவும் மெல்லச் சூடேற்றுவான். அப்போது உருக்கின் மேற்பரப்பில் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என நிறங்கள் முறையே தோன்றும். மஞ்சளில் நிறுத்தினால் நுனி கடினமாகும், ஆயின் நொறுங்கவும் கூடும். நீலம்வரை விட்டால் உறுதிப்படும், ஆயின் விரைவில் மழுங்கும். அவன் கண்ணே அவனுக்கு வெப்பமானி. கோலைச் சுத்தியலால் தட்டி எழும் ஓசையைக் கேட்பான். மணிபோல் ஒலிப்பது நல்லது, மங்கி ஒலிப்பது உள்ளே வெடிப்புள்ளது என ஒதுக்குவான்.

சேமிப்பிலும் ஒரு நுட்பம் இருந்தது. ஒரு துளையைத் தொடங்கும் கோல் குறுகியதாயும் அதன் நுனி அகன்றதாயும் இருக்கும். ஆழம் கூடக்கூட நீண்ட கோல்கள் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றின் நுனியும் முன்னையதிலும் சிறிது ஒடுங்கியதாய் இருத்தல் வேண்டும். வரிசை தவறி அகன்ற நுனியை உள்ளே செலுத்தினால் அது இறுகிக்கொள்ளும். அன்றைய உழைப்பு முழுதும் வீணாகும். ஆகவே கோல்களை நீளமும் அகலமும் பார்த்துத் தட்டுகளில் ஒழுங்காக அடுக்கும் களஞ்சியம் துளைத்தலின் ஓர் அங்கமாகவே விளங்கியது.

3. ஏடும் எண்ணும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் காற்றழுத்தத் துளைப்பொறிகள் பரவின. மனிதன் அடித்த ஓர் அடிக்குப் பொறி பல அடிகள் அடித்தது. அதனால் ஒரு புதிய இடர் தோன்றியது: குறையேதும் இல்லாத உருக்கும் ஒருநாள் திடீரென முறிந்தது. இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஜேர்மானியரான ஒகஸ்ற் வோலர். புகையிரத அச்சுக்களை ஆராய்ந்து, ஒரே தடவையிற் பெருஞ்சுமையைத் தாங்கவல்ல உலோகமும் சிறுசுமையைப் பன்முறை ஏற்றால் களைத்து முறியும் என 1870ஆம் ஆண்டளவில் அவர் நிறுவினார். இக்களைப்பைக் காது கேளாது, கண் காணாது. கருவி எத்தனை முறை உழைத்தது என்னும் எண்ணிக்கையே அதனைக் காட்டும். எண்ணிக்கைக்கு ஏடு வேண்டும். இவ்வாறு களஞ்சியப் பதிவேடு கருவியின் சாதகம் ஆயிற்று.

பெற்றோலியத் தொழிலில் இம்முறை செம்மையுற்றது. துளைக்குழாய்கள் காந்தத்தாலும் கேளா ஒலியாலும் சோதிக்கப்பட்டு, தரத்திற்கேற்ப நிறப்பட்டை பூசப்படுகின்றன: பயன்பட்டவற்றுள் சிறந்ததற்கு இரண்டு வெள்ளைப் பட்டைகள், தேய்ந்ததற்கு மஞ்சள், மேலும் தேய்ந்ததற்குச் செம்மஞ்சள், கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு. கொல்லன் நிறத்தைக் கண்டு உருக்கை அறிந்தான். இக்காலத்தார் அறிந்ததை நிறத்தால் எழுதிவைக்கின்றனர்.

4. உணர்கருவியின் காலம்

மூன்றாம் நிலையைச் சப்பிரகமுவவிற் காண இயலாது. அது ஆழ்கடற் கிணறுகளுக்கு உரியது. 1978இல், துளைத்துக்கொண்டிருக்கும்போதே ஆழத்திலிருந்து செய்தி அனுப்பும் கருவி வணிகப் பயனுக்கு வந்தது. குழாயினுள் ஓடும் சேற்று நீரில் அழுத்தத் துடிப்புக்களை எழுப்பி அது செய்தியை மேலே அனுப்பும். நுனியின் அதிர்வையும் வெப்பத்தையும் மேலிருந்தே அறியும் வழி இவ்வாறு திறந்தது. இரத்தினபுரிக் கோலில் ஏறிய அதிர்வை உள்ளங்கை அறிந்தது. இங்கே அதே அதிர்வைக் கணினி வாசிக்கின்றது.

நம் தீவிலும் இந்நிலை எட்டிப்பார்த்தது. 2011இல் மன்னார்க் கடலில், 1354 மீற்றர் ஆழ நீருக்குக் கீழே, ‘சிக்கியூ’ என்னும் ஜப்பானியத் துளைகப்பல் கிணறு தோண்டியது. ‘டொராடோ’ என்ற அக்கிணற்றில் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. இத்தகைய கப்பல்களில் குழாய்களைத் தூக்குவதும் நிறுத்தி அடுக்குவதும் பெரும்பாலும் இயந்திரத்தின் வேலை.

ஆயினும் உணர்கருவி இருப்பதாற் காவல் முடிந்துவிடுவதில்லை. 2010 ஏப்ரல் 20ஆந் திகதி மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துளைமேடை வெடித்து 11 பேர் மாண்டனர். கிணற்றை அடைக்க வேண்டிய பெருங்கருவியின் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் இரண்டினுள், ஒன்றின் மின்கலவடுக்கு வலுவிழந்திருந்ததும் மற்றதன் மின்சுருள் பழுதுற்றிருந்ததும் பின்னர் விசாரணையில் வெளிவந்தன. உலகின் மிகச் சிறந்த பொறிகள் சூழ்ந்திருந்தும், ஒரு மின்கலத்தின் நலம் உரிய வேளையில் உரியவர் கருத்துக்கு எட்டவில்லை.

5. முடிவுரை

இவ்வரலாறு நமக்கு வெறும் பழங்கதையன்று. 2016 மே 17ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அதே பெருமழையிற் புளத்கொஹுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பு ஒன்றும் மண்ணுள் அமிழ்ந்தது. இத்தகைய சரிவுகளை ஆராய்வோர் மலையைத் துளைத்து மண் மாதிரி எடுக்கின்றனர். மலை நழுவும் தளம் பெரும்பாலும் மெல்லிய களிப்படை ஒன்றே. தேய்ந்த நுனியும் பழுதுற்ற குழலும் அப்படையைக் கரைத்துவிடும். மாதிரியில் அது இல்லாவிடின் மலை உறுதியானதெனத் தவறாகக் கருதப்படவும் கூடும். அவ்விடத்தில் ஒரு கருவியின் நலத்தை நம்பியே லயத்திற் படுத்துறங்கும் குடும்பங்களின் உயிர் உள்ளது.

கேட்ட காது, எழுதிய ஏடு, உணரும் பொறி என மூன்றும் ஒரே கடமையின் மூன்று வடிவங்கள். பின்னது வந்ததால் முன்னது பயனற்றதாயிற்று எனக் கொள்ளல் பொருந்தாது. பொறி திரட்டித் தரும் செய்தியைப் பொருள்கொண்டு, ‘இது உதவாது’ என ஒதுக்கிவைக்கும் துணிவு மனிதனிடமே இருத்தல் வேண்டும். அத்துணிவை உலைக்களத்திலே பெயர் தெரியாத கொல்லன் நாள்தோறும் காட்டினான். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து தொழினுட்பக் கல்வி நாடிச் செல்லும் நம் மாணவர், தாம் கற்கும் புதிய கலைக்கு அவனும் ஒரு முன்னோன் என்பதை மறவாதிருப்பாராக.