பட்டியலில் இல்லாத பெயர்

'இது கஞ்சா இல்லை, சட்டப்படி சரியான சாமான்' எண்டு சொல்லித்தான் எச்.எச்.சி வேப்புகள் விற்கப்பட்டன. செடியிலிருந்து எடுத்த பொருளை ஆய்வுகூடத்தில் மாற்றிச் செய்யும் 'அரைச்செயற்கை' போதைப்பொருள் இது. புதுசு எண்டு நாங்கள் நினைப்பம். ஆனால் 1940களிலேயே அமெரிக்க வேதியியலாளர் றோஜர் அடம்ஸ் இதை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்.

பிறகு எப்படிக் கடைக்கு வந்தது? அதற்கு வழி திறந்தது ஒரு விவசாயச் சட்டம். 2018இல் அமெரிக்கா, டெல்டா-9 டி.எச்.சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத கஞ்சாச் செடியை 'ஹெம்ப்' எனப் பிரித்து அனுமதித்தது. அந்தச் செடியின் போதை தராத சி.பி.டி சந்தையில் குவிந்து விலை விழுந்தது. அதை அமிலத்தால் டி.எச்.சி வகைகளாக மாற்றலாம். அதோடு ஐதரசனைச் சேர்த்தால் எச்.எச்.சி. சட்டம் எண்ணியது டெல்டா-9ஐ மட்டும்தானே!

2022இல் இது ஐரோப்பாவுக்கும் வந்தது. எங்கட சொந்தங்கள் நிறையப்பேர் வாழும் சுவிசும் பிரான்சும் 2023இல் தடை செய்தன. உடனே எச்4சி.பி.டி போன்ற புதுப்பெயர்கள் வந்தன. 2024இல் பிரான்ஸ் அவற்றையும் தடுத்தது. 2025 மார்ச்சில் எச்.எச்.சி ஐ.நா.வின் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. ஆக, 'சட்டப்படி சரி' என்பதற்கு 'இன்னும் பட்டியலில் ஏறவில்லை' எண்டுதான் அர்த்தம். நேற்றுக் கடையில் வாங்கினது இண்டைக்குக் குற்றம். ஒரு நாட்டில் வாங்கியதை இன்னொரு நாட்டு விமான நிலையத்தில் பிடிப்பார்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் கஞ்சா எண்டே காட்டக்கூடும்.

நுரையீரலுக்கு இந்தப் பட்டியல் தெரியாது. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களிடையே நுரையீரல் பாதிப்பு திடீரெனப் பரவியது. 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ இருந்தார்கள். அவர்களில் 68 பேரின் மரணம் உறுதியானது. முக்கிய காரணமாகச் சொல்லப்பட்டது, டி.எச்.சி திரவத்தில் கலந்த விற்றமின் ஈ அசிற்றேற். தோலில் பூசுகிற கிறீமில் பிரச்சினை தராத பொருள், சூடாகி நுரையீரலுக்குள் போனபோது ஆளையே கொன்றது.

அரைச்செயற்கை வகைகளில் தயாரிப்பின்போது சேர்த்த அமிலமும் உலோகமும் மிஞ்சியிருக்கலாம். டி.எச்.சி-ஓ போன்ற அசிற்றேற் வகைகளை வேப்பில் சூடாக்கினால் கீற்றீன் என்னும் நச்சுவாயு உருவாவதை 2022இல் ஒரு ஆய்வுகூடச் சோதனை காட்டியது. வாந்தி, படபடப்பு, பதற்றம், மனக்குழப்பம் தனி.

புதுப்பெயரோடு யாராவது ஒன்றை நீட்டினால், 'தடை இருக்கா?' எண்டு கேட்பதைவிட, 'இதை மனிசர் இழுத்தால் என்னாகும் எண்டு ஆர் சோதிச்சது?' எண்டு கேட்பம். பெரும்பாலும் சோதிச்சவர் ஒருவரும் இருக்கமாட்டார். வாங்கி இழுக்கிற பெடியள்தான் சோதனை எலி. இழுத்த பிறகு நெஞ்சு இறுகி மூச்சு முட்டினால், பயத்தில் மறைக்காமல் வைத்தியரிடம் என்ன இழுத்தது எண்டு உள்ளபடி சொல்லுங்கோ. அது தெரியாமல் அவர் நிமோனியா எண்டு நினைச்சு வைத்தியம் பார்க்கக்கூடும்.