கையில் ஏந்திய வெளிச்சம்

டோபி காட் என்றதும் சிங்கப்பூர் நேயர்களுக்கு இன்று நினைவுக்கு வருவது மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் நிலத்தடி நிலையந்தான். பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். டோபி என்பவர் வண்ணார். காட் என்பது படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளம், பீகார், சென்னை மாகாணம் முதலிய இடங்களிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்து, பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். அந்த ஓடைதான் பிற்காலத்தில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஆகி, பெரும்பாலும் தெருவுக்கு அடியில் மறைந்து போனது. வண்ணாரின் தொழில் கதிரவனோடு கட்டுண்ட தொழில். வெயில் சாய்ந்தால் வேலை நின்றது.

இன்று அதே இடத்தில் இரவு என்ற ஒன்று ஏறத்தாழ இல்லை. நள்ளிரவிலும் தெருவிளக்கின் கீழ் செய்தித்தாள் படிக்கலாம். இப்படிப்பட்ட ஊரிலும், இதைப் போன்ற வேறு பெருநகரங்களிலும், சிலர் மாதக் கணக்கில் உட்கார்ந்து வரைபடம் போட்டு, உலோகம் கடைந்து, ஈயப்பற்று வைத்து, தங்களுக்கென்று ஒரு டார்ச் லைட்டைச் செய்துகொள்கிறார்கள். கடையில் நூறு வகை கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை காண, கைவிளக்கின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தெருக்களில் 1824ஆம் ஆண்டில் முதலில் எரிந்தவை தேங்காய் எண்ணெய் விளக்குகள். 1864 மே 24, விக்டோரியா அரசியின் பிறந்த நாளன்று, எரிவாயு விளக்குகள் வந்தன. 1906இல் மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. அதற்கான மின்சாரத்தை நகராட்சி டிராம் வண்டிக் கம்பெனியிடம் விலைக்கு வாங்கியது. அந்த மின்நிலையம் இருந்த மெக்கன்சி சாலை, டோபி காட்டிலிருந்து நடந்து போகும் தூரந்தான். 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானிய விமானங்கள் முதன்முறையாகக் குண்டு வீசியபோது நகரத்து விளக்குகள் அணைக்கப்படாமல் எரிந்துகொண்டே இருந்தன. பொது விளக்கின் இயல்பு அது. அதை ஏற்றுவதும் அணைப்பதும் வேறு யாருடைய கையிலோ இருக்கிறது.

கைவிளக்கு அப்படியன்று. 1899 ஜனவரி 10ஆம் நாள் டேவிட் மிசெல் என்பவர் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தாள் குழாய், அதற்குள் வரிசையாகப் பேட்டரிக் கட்டைகள், முனையில் சிறு பல்பு, அதைச் சுற்றிப் பித்தளைக் கிண்ணம், இவ்வளவுதான். அக்காலத்து மின்கலம் சிறிது நேரம் எரிந்தாலே சோர்ந்துவிடும். ஆகவே பொத்தானை அழுத்தி ஒரு கணம் மின்ன விட்டு, உடனே கையை எடுப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ஃபிளாஷ்லைட் என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

நம் மக்கள் மலாயாவில் பழகிய கைவிளக்குக்கு வேறொரு வரலாறும் உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் கிழக்கு வெளுக்கு முன்பே பெரட்டுக்குப் போய் நின்று, பால்மரம் சீவக் கிளம்புவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். மரத்துப் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும். இரு கையும் வேலையில் இருப்பதால் விளக்கு நெற்றிக்கு ஏறியது. கார்பைட் விளக்கு என்று அதைச் சொல்வார்கள். மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கால்சியம் கார்பைட் கட்டி. திருகைத் திருப்பினால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அசிட்டிலின் வாயு கிளம்பி, முனையில் வெள்ளைச் சுடராக எரியும். சொட்டு கூடினால் சுடர் சீறும், குறைந்தால் மங்கும். துளை அடைத்தால் மெல்லிய கம்பியால் குத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் சுண்ணாம்புக் குழம்பைக் கொட்டிக் கழுவ வேண்டும். விளக்கை வைத்திருப்பவரே அதன் மெக்கானிக் என்ற நிலை.

உலர்மின்கல டார்ச் பரவிய பின் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1939இல் டோபி காட்டில் கேத்தே திரையரங்கம் திறக்கப்பட்டது. இருட்டில் டிக்கெட்டைப் பார்த்து இருக்கையைக் காட்டும் திரையரங்கு ஊழியரின் கையிலிருந்த டார்ச்சை நினைத்துப் பாருங்கள். கட்டை தீர்ந்தால் மாற்றுவது, பல்பு போனால் மாற்றுவது. அதற்கு மேல் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 1979இல் அமெரிக்காவில் டோனி மாக்லிகா அலுமினியக் குழாயில் கடைந்தெடுத்த மாக்லைட் நல்ல உறுதியான சாதனந்தான். ஆயினும் உள்ளே இருந்தது அதே சூடேறும் கம்பி.

மாற்றம் வந்தது ஜப்பானிலிருந்து. சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962இலேயே செய்துவிட்டார். நீலம் மட்டும் முப்பது ஆண்டு பிடி கொடுக்கவில்லை. நகோயாவில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும், நிச்சியா கம்பெனியில் ஷுஜி நகமுராவும் கேலியம் நைட்ரைடு என்ற பொருளோடு போராடினார்கள். 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி. வெளிவந்தது. நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளை. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையில் நம் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. 1972இல் ஹியூலெட்-பாக்கார்டு கம்பெனி பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது. அதன் ஒளிமின் பிரிவின் வழித்தோன்றலும் பிலிப்ஸ் கம்பெனியும் 1999இல் சேர்ந்து உருவாக்கிய லுமிலெட்ஸ் நிறுவனத்துக்கும் பினாங்கில் பெரிய தொழிற்சாலை அமைந்தது. லக்சியான் என்ற பெயரில், ஒரு வாட் மின்சாரத்தைத் தாங்கும் எல்.இ.டி.யைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் அதுதான்.

பெரிய டார்ச் கம்பெனிகள் உடனே அசையவில்லை. முதலில் பாய்ந்தவர்கள் பொழுதுபோக்காகச் செய்தவர்கள். லக்சியான் விளக்கை வாங்கி, மாக்லைட் குழாயின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்கி, அதற்குள் பொருத்திப் பார்த்தார்கள். அரிசோனாவில் ஆர்க் போன்ற சின்னஞ்சிறு கம்பெனிகள் இத்தகைய ஆர்வலர்களை நம்பியே பிழைத்தன. அந்தக் குழாய்க்குள் அவர்கள் கண்டறிந்த சங்கதியைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பழைய பல்பு, தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் ஒளியாக்கும். மீதி வெப்பம். ஆனால் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி, ஒளியோடு சேர்ந்து கதிராக முன்பக்கம் வெளியே போய்விடும். எல்.இ.டி. அதைவிடச் சிக்கனமானது; மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ ஒளியாகும். ஆனால் மிச்ச வெப்பம் முன்னால் போகாது. மிளகளவுச் சில்லுக்குள்ளேயே தங்கும். சில்லு சூடேறினால் ஒளி குறையும், நிறம் மாறும், ஆயுள் தேயும். ஆகவே வெப்பம் பின்வழியாக, உலோகத்தின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இப்போது டார்ச்சின் உடல் வெறும் கூடு இல்லை. அதுவும் விளக்கின் ஒரு பகுதி ஆகிவிட்டது. விளக்குச் செய்பவரின் கைத்திறன் கண்ணாடியிலிருந்து உலோகத்துக்கு இடம் பெயர்ந்தது இப்படித்தான்.

எந்த உலோகம்? வெப்பத்தைக் கடத்தும் திறனைச் செம்புக்கு 400 என்று வைத்துக்கொண்டால், டார்ச் செய்யும் அலுமினியக் கலவைக்கு ஏறத்தாழ 160. டைட்டானியக் கலவைக்கு வெறும் 7. விலை உயர்ந்த டார்ச் என்றால் ஆர்வலர் மனம் டைட்டானியத்தையே நாடுகிறது. துரு ஏறாது, எடை குறைவு, நெருப்பில் காட்டினால் நீலமும் ஊதாவுமாக நிறம் எடுக்கும். வெப்பத்துக்கோ அது அடைத்த கதவு. ஆகவே டைட்டானிய உடலுக்குள் தலைப் பகுதியில் செம்பைத் திணித்து, எல்.இ.டி.யை அந்தச் செம்பின் மேல் ஈயப்பற்று வைத்து உட்காரச் செய்கிறார்கள். இரண்டுக்கும் இடையே தலைமுடியளவு இடைவெளி விட்டாலும் காற்று புகுந்து வெப்பத்தைத் தடுத்துவிடும். மரை சுத்தமாக விழ வேண்டும்; ரப்பர் வளையத்துக்கான பள்ளம் சரியான ஆழம் இருக்க வேண்டும். வெளியழகுக்காக வெப்பத்தோடு மல்லுக்கட்டுவது வேண்டாத வேலை, அலுமினியமே போதும் என்பது நம் கட்சி. ஆர்வலர்கள் ஒப்ப மாட்டார்கள்.

இன்னொரு விவகாரம் நிறம். தொடக்க கால எல்.இ.டி. வெளிச்சத்தில் குங்குமம் மண்ணிறமாகத் தெரியும். நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்துச் செய்த வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு குறைவு என்பதுதான் காரணம். ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் உண்டு. எட்டு மங்கலான வண்ணங்களின் சராசரி அது. ஆழ்சிவப்பு ஒன்பதாவது வண்ணம், சராசரியில் சேராது! எனவே 80 மதிப்பெண் பெற்ற விளக்கும் சிவப்பில் கோட்டை விடலாம். ஆர்வலர்கள் அந்த ஒன்பதாவது எண்ணைத் தனியே கேட்டு வாங்குகிறார்கள். நிச்சியாவின் 219பி என்ற எல்.இ.டி. அவர்களிடையே பெயர் பெற்றது இதனால்தான். இது வெறும் ரசனை என்று தள்ளிவிட முடியாது. இரவில் குழந்தையின் தொண்டையைப் பார்ப்பவருக்கும், காலில் பட்ட காயம் வெறும் சேறா இரத்தமா என்று பார்ப்பவருக்கும் சிவப்பு சிவப்பாகத் தெரிய வேண்டாமா?

சிங்கப்பூரில் இந்த வேலைக்குச் சாமான் தேடும் பாதை டோபி காட்டிலிருந்து சிலேகி சாலை வழியாக லிட்டில் இந்தியாவின் ஓரத்துக்குப் போகிறது. அங்கே ஜாலான் புசாரில் சிம் லிம் டவரின் கடைகளில் மின்தடை, கம்பி, பொத்தான், ஈயப்பற்றுக் கோல் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும். பக்கத்துச் சுங்கை ரோட்டின் பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு அது பெரிய இழப்பு. அடுக்குமாடி வீட்டில் லேத் வைக்க இடமில்லை. வரைபடத்தைக் கணினியில் போட்டு, கடைசல் வேலையை வெளியே கொடுப்பதுதான் வழி.

மின்கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் 18650 எனப்படும் லித்தியம் கலம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனித் தொழில்நுட்பம் அது. சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு அதைப் போட்டால் இரு முனையும் உலோகத்தில் பட்டுத் தீப்பற்றக்கூடும். உறை கிழிந்த கலத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. எல்.இ.டி.க்கு வேண்டியது அளவான மின்னோட்டம். கலத்தின் மின்னழுத்தமோ தீரத் தீர இறங்கும். நடுவில் நின்று அதைச் சீராக்கும் சிறு மின்சுற்றைச் சரியாக அமைக்காவிட்டால் அழகிய உடல் எதற்கும் உதவாது.

2019இல் எஃப்.டபிள்யூ.3.ஏ. என்ற டார்ச் வெளிவந்தது. பல நாட்டு ஆர்வலர்கள் இணையம் வழியே கூடிப் பேசி வடிவமைத்தது. செய்து கொடுத்தது சீனாவின் லூமின்டாப் கம்பெனி. ஒரே கலம், மூன்று எல்.இ.டி. வாலில் உள்ள பொத்தானின் செய்தியைத் தலைக்குக் கொண்டுபோகக் குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாய். அந்த உட்குழாய் சரியாகப் பொருந்தாவிட்டால் விளக்கு சொன்னபடி கேட்காது. வாங்கிய பலர் கழற்றி மீண்டும் இறுக்கிப் பார்த்தார்கள். கம்பியால் கார்பைட் விளக்கின் துளையைக் குத்திய கைகள் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அதன் மூளையாக இருந்த அன்டூரில் என்ற மென்பொருளை எவரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டிருந்தார்கள். கை பொறுக்காத அளவுக்கு உடல் சூடேறுமுன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும் ஏற்பாடும் அதில் உண்டு.

இதே போல் ஆர்வலர்கள் கூடி உருவாக்கிய ஜி.டி. என்ற பெரிய டார்ச்சின் கதிர், பத்து லட்சம் காண்டெலா செறிவுடையது. நிலவொளி அளவு வெளிச்சம் விழும் தூரத்தையே டார்ச்சின் எட்டுதூரம் என்பார்கள். செறிவு நூறு மடங்கு கூடினால் தூரம் பத்து மடங்குதான் கூடும். அந்தக் கணக்கில் இதன் எட்டுதூரம் 2,000 மீட்டர். டோபி காட்டிலிருந்து நேர்கோட்டில் பாய்ச்சினால் லிட்டில் இந்தியாவைத் தாண்டும். சுற்றிலும் கட்டடங்கள் நிற்கும் ஊரில் அதைப் பாய்ச்ச இடம் எங்கே என்பது வேறு விஷயம்.

அதனால்தானோ என்னவோ, இந்த ஆர்வலர்கள் மிகுதியாகப் பேசுவது உச்ச ஒளியைப் பற்றியன்று, அடிமட்ட ஒளியைப் பற்றி. நிலவு நிலை என்று அதற்குப் பெயர். ஒரு மெழுகுவர்த்தி நாற்புறமும் சேர்த்துத் தருவது ஏறத்தாழ 12 லூமென். இது ஒரு லூமெனுக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான லூமென் கக்கும் விளக்கை, நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்து வர, அந்த நிலையில் வைத்து எடுத்துப் போகிறார்கள். அப்படி எரிய விட்டால் ஒரே கலம் வாரக் கணக்கில் தாங்கும்.