லிடிட்சே: அடித்தளங்களின் ஊர்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகும்போது நாம் வழக்கமாக அவ்வூரின் கோயிலிலிருந்தோ, குளத்திலிருந்தோ, பழைய வீதியிலிருந்தோ தொடங்குகிறோம். நிற்கும் கட்டடத்தைச் சுட்டிக்காட்டி, அதை எழுப்பியவர் யார், காலம் எது என்று பின்னோக்கிச் செல்வது எளிது. செக் குடியரசின் தலைநகரான ப்ராகிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள லிடிட்சே என்னும் சிற்றூரில் இந்த வழி பயன்படுவதில்லை. அங்கே பழைய ஊர் இருந்த இடத்தில் நாம் காண்பது சரிந்திறங்கும் ஒரு புல்வெளி. அதனிடையே சில கல் அடித்தளங்கள். அந்த ஊரின் வரலாற்றுச் சின்னங்களில் பெரும்பாலானவை இல்லாமற்போனவற்றின் தடங்களே.

லிடிட்சேயின் பெயர் 14ஆம் நூற்றாண்டின் ஆவணங்களிலேயே காணப்படுகிறது. புனித மார்ட்டின் பெயரால் அமைந்த அதன் தேவாலயம் 18ஆம் நூற்றாண்டில் பரோக் பாணியில் புதுப்பிக்கப்பட்டது. அருகிலுள்ள கிளாட்னோ நகரில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் பெருகியபின், உழவர்களின் ஊராக இருந்த லிடிட்சே தொழிலாளர்களின் ஊராகவும் மாறிற்று. 1942இல் அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 500 பேர். உலக வரலாற்றில் இடம்பெற அவ்வூருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

1942 மே 27 அன்று, ஆக்கிரமிக்கப்பட்ட செக் நிலப்பகுதியை ஆண்டுவந்த நாஜித் தலைவன் ரெயின்ஹார்ட் ஹெய்ட்ரிக் ப்ராகில் தாக்கப்பட்டான். பிரிட்டனில் பயிற்சி பெற்று விமானத்திலிருந்து குதித்திறங்கிய யோசெஃப் கப்சிக், யான் குபிஷ் என்னும் இருவரே தாக்கியவர்கள். ஜூன் 4 அன்று ஹெய்ட்ரிக் இறந்தான். லிடிட்சேக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்லானி நகரத் தொழிற்சாலை ஒன்றில் சிக்கிய, ஐயத்துக்கு இடமான வரிகள் கொண்ட தனிப்பட்ட கடிதம் ஒன்றே ரகசியக் காவல்துறையின் பார்வையை இவ்வூரின் பக்கம் திருப்பியது. ஹோராக், ஸ்ட்ரீபர்னி ஆகிய இரு குடும்பங்களின் மகன்கள் பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தனர். சோதனையில் வேறு எதுவும் அகப்படவில்லை. ஆயினும் பழிவாங்க ஓர் ஊர் தேவைப்பட்டது. பெர்லினில் ஹெய்ட்ரிக்கின் இறுதிச் சடங்கு நடந்த ஜூன் 9ஆம் நாளிலேயே ஆணை பிறந்தது.

அன்றிரவு ஊர் சூழப்பட்டது. மறுநாள் ஹோராக் குடும்பத்தாரின் பண்ணையில், களஞ்சியச் சுவரில் மெத்தைகளைச் சார்த்திவைத்து, 173 ஆண்களைச் சிறு சிறு குழுக்களாக நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். பதினைந்து வயதையொட்டிய சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். பங்குத் தந்தையான எழுபத்து மூன்று வயது யோசெஃப் ஷ்டெம்பர்காவும் தம் மக்களோடு கொல்லப்பட்டார். அந்த நாளில் ஊரில் இல்லாத ஆண்களும், ஹோராக், ஸ்ட்ரீபர்னி குடும்பத்தாரும் சில நாட்களுக்குப்பின் ப்ராகில் சுடப்பட்டனர். இறந்தவர்களுக்குக் குழி தோண்டும் பணி, டெரெஸீன் முகாமிலிருந்து கொண்டுவரப்பட்ட 30 யூதக் கைதிகள்மீது சுமத்தப்பட்டது.

பெண்களையும் குழந்தைகளையும் கிளாட்னோ நகரப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் அடைத்துவைத்தனர். அங்கேதான் தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டனர். பெண்கள் ராவன்ஸ்ப்ரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் போலந்தின் லோட்ஸ் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்து உறவினருக்கு அவர்கள் எழுதிய அஞ்சலட்டைகள் எஞ்சியுள்ளன. அவற்றில் உடையும் உணவும் கேட்டிருக்கின்றனர். ஜெர்மானியர்களாக வளர்க்கத் தக்கவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரைத் தவிர, 82 பிள்ளைகள் ஹெல்ம்னோவில் நச்சுப்புகை வண்டிகளில் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபின் திரும்பிய பெண்கள் 143 பேர். மீட்கப்பட்ட பிள்ளைகள் 17 பேர். இறந்தோரின் தொகை 340.

கொலையோடு நாஜிகள் நிற்கவில்லை என்பதே இவ்வூரின் கதையை வேறுபடுத்துகிறது. வீடுகளைக் கொளுத்தினர், தேவாலயத்தை வெடிவைத்துத் தகர்த்தனர், மரங்களை வெட்டினர், குளத்தைத் தூர்த்தனர், ஓடையின் போக்கையே மாற்றினர். இடுகாட்டையும் விட்டுவைக்காமல் கல்லறைகளைத் தோண்டிக் கொள்ளையிட்டனர். இடிபாடுகளை அகற்றி நிலத்தைச் சமன்செய்யும் வேலை மாதக்கணக்கில் நீடித்தது. ஓர் ஊரை ஊராக அடையாளம் காட்டுபவை எவையோ அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அறிந்து அழித்தார்கள் எனலாம். அதை அவர்களே படமெடுத்தும் வைத்தனர். அந்தப் படச்சுருள் பின்னர் நூரம்பர்க் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று.

பிற கொடுமைகளை மறைத்த நாஜிகள் இதை மட்டும் வெளிப்படையாக வானொலியில் அறிவித்தனர், அச்சமூட்டுவதே நோக்கம். விளைவு நேர்மாறாயிற்று. 1942இலேயே அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு குடியிருப்பும், மெக்ஸிகோ நகரின் சான் ஹெரோனிமோ பகுதியும் லிடிட்சேயின் பெயரை ஏற்றன. லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெண் குழந்தைகளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லே அதே ஆண்டில் ஒரு நெடுங்கவிதை எழுதினார். அடுத்த ஆண்டு செக் இசையமைப்பாளர் போகுஸ்லாவ் மார்ட்டினூ லிடிட்சேக்காக ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். அதே 1943இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றின் மக்களையே நடிக்கவைத்து, இக்கொடுமை தங்கள் ஊரில் நேர்ந்திருந்தால் என்ற கற்பனையில் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் ஒரு திரைப்படம் எடுத்தார்.

இவற்றுள் நம் கவனத்துக்கு மிகவும் உரியது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரத் தொழிலாளர்களின் செயல். மருத்துவரும் நகர்மன்ற உறுப்பினருமான பார்னெட் ஸ்ட்ராஸ் முன்னின்று, 1942 செப்டம்பரில் 'லிடிட்சே வாழும்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளர்கள், தாம் கண்டிராத சக சுரங்கத் தொழிலாளர்களின் ஊரை மீண்டும் எழுப்பப் பொருள் திரட்டினர். போருக்குப்பின் பழைய ஊர் இருந்த இடத்தைத் தொடாமல், அதையடுத்த மேட்டில் 150 வீடுகளுடன் புதிய லிடிட்சே உருவாகி, திரும்பிவந்த பெண்கள் அங்கே குடியேறினர். ஸ்ட்ராஸின் முயற்சியால் இரண்டு ஊர்களுக்கும் இடையே 1955 ஜூனில் ஒரு ரோஜாத் தோட்டம் திறக்கப்பட்டது. பல நாடுகளிலிருந்து செடிகள் வந்தன. 1989க்குப்பின் பராமரிப்பின்றிச் சீரழிந்த அத்தோட்டம், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் சீரமைக்கப்பட்டது.

புல்வெளியில் நிற்கும் பிள்ளைகளின் சிலைத்தொகுதியே இன்று லிடிட்சேயின் முதன்மைச் சின்னம். சிற்பி மரியே உகிட்டிலோவா 1969இல் இப்பணியைத் தொடங்கினார். கொல்லப்பட்ட 82 பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு உருவம்: 42 சிறுமியர், 40 சிறுவர். இருபது ஆண்டுகள் உழைத்த அவர், அவை வெண்கலத்தில் எழுந்து நிற்பதைக் காணாமலேயே 1989 நவம்பரில் இறந்தார். கணவர் பணியைத் தொடர, 2000இல் தொகுதி நிறைவுற்றது. 2010இல் ஒரு சிறுமியின் உருவத்தைத் திருடர்கள் பெயர்த்துச் சென்றனர் என்பதும், அதன் இடத்தில் புதிய வார்ப்பு வைக்கப்பட்டது என்பதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

நினைவைக் காப்பதென்பது ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று என்பதை இவை உணர்த்துகின்றன. அதைவிடக் கடினமான சோதனை பின்னர் வந்தது. படுகொலைக்குச் சற்றுமுன் அவ்வூரில் வாழ்ந்த யூதப் பெண் ஒருவர் ஊரார் ஒருவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டார் என்று ஒரு வரலாற்று ஆய்வாளர் தொலைக்காட்சியில் கூறியபோது, தப்பிப் பிழைத்தோர் தரப்பு கொதித்தெழுந்தது. அக்கூற்றை மறுக்க முன்வராத நினைவகத்தின் இயக்குநர் பதவி விலக நேர்ந்தது. தீண்டத்தகாத புனிதமாக ஓர் ஊரை உயர்த்திவிட்டால், அங்கே வாழ்ந்தவர்கள் மனிதர்கள் என்பதே மறந்துபோகும் அபாயம் உண்டு. கொல்லப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று நிறுவ, அவ்வூரில் எவருமே தவறிழைக்கவில்லை என்று காட்டவேண்டிய தேவை இல்லை.

லிடிட்சேயைப் பற்றிப் பேசும்போது லெஷாக்கியையும் சொல்லியாகவேண்டும். சில வீடுகளே கொண்ட அந்தக் குக்கிராமத்தில் எதிர்ப்பியக்கத்தினரின் வானொலிக் கருவி ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. 1942 ஜூன் 24 அன்று அங்கிருந்த பெரியோர் 33 பேர், ஆணும் பெண்ணுமாகக் கொல்லப்பட்டனர். 13 பிள்ளைகளுள் இரு சகோதரியரே எஞ்சினர். அவ்வூருக்கு உலகெங்கும் பெயர் பரவவில்லை. அது மீண்டும் கட்டப்படவும் இல்லை. வீடுகள் நின்ற இடங்களைக் கற்களால் எல்லை வகுத்துக் கல்லறைகள்போல் வைத்திருக்கிறார்கள்.

புதிய லிடிட்சேயில் மக்கள் வாழ்கிறார்கள்; பிள்ளைகள் பள்ளி செல்கிறார்கள். லெஷாக்கியில் கற்கள் மட்டுமே இருக்கின்றன. ஒன்றைப் போற்றும் நாம் மற்றதையும் அறிந்திருப்போமாயின், அழித்தவர்களின் கணக்கு இரண்டு இடங்களிலும் பொய்த்தது என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டாகும்.