புள்ளியும் காலும்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை அழித்தன. நகரத்தைச் செங்கல்லால் மீண்டும் எழுப்பச் சூளைகள் எரிந்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே துன் சம்பந்தன் சாலையில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு தமிழ் இணையத்தளங்கள் கட்டுவது என் தொழில். செங்கல் அறுப்பவர்களைப் போல எங்களுக்கும் அச்சு உண்டு. அதன் பெயர் ஃபிரேம்வொர்க்.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இந்நகரில் நடந்த காலத்தில் எழுத்துருவே எங்கள் பெரிய கவலை. ஒருவர் அனுப்பிய தமிழ் இன்னொருவர் திரையில் கிறுக்கலாய்த் தெரியும். யூனிகோடு பரவியதும் அது தீர்ந்தது. ஆனால் ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட, நாங்கள் தளம் கட்டும் பிஎச்பி மொழி, எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணியது. ‘அம்மா’ நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. யுடிஎஃப்-8இல் 15 பைட். இதை மொழியின் அடியிலேயே சீர்செய்யத் தொடங்கிய பிஎச்பி 6, 2010இல் கைவிடப்பட்டது.

2006இல் வந்த கோட்இக்னைட்டர் என்னும் பிஎச்பி ஃபிரேம்வொர்க் எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு வரம். ஒரே பொதியை மலிவான வாடகை சர்வரில் ஏற்றினால் போதும். அந்த நாள்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு சேலைக்கடைக்குத் தளம் கட்டினேன். தலைப்பிலிருந்து பக்க முகவரி உண்டாக்கும் நிரலை நானே எழுதினேன். ‘கிள்ளான்’ என்பது ‘களளன’ என்று வந்து நின்றது. “தம்பி, இதுவா நம்ம ஊர் பேரு?” என்று கடைக்கார அக்கா கேட்டார். எழுத்தை மட்டும் வைத்துக்கொள் என்று நிரலுக்குச் சொல்லியிருந்தேன். யூனிகோடு கணக்கில் நம் புள்ளியும் காலும் விசிறியும் எழுத்தல்ல, குறி. அதனால் அவை உதிர்ந்துவிட்டன.

2011இல் டெய்லர் ஓட்வெல்லின் லாரவெல் ஃபிரேம்வொர்க் வந்தது. தரவுத்தள மாற்றங்களைக்கூடக் கோப்பாக்கி, குழுவாக வேலை செய்ய வழி தந்தது. ஆனாலும் லாரவெல் 5இன் முகவரி உதவி, தலைப்பை ஆங்கில எழுத்தாக்கவே முயலும். அதன் எழுத்துமாற்று அட்டவணையில் தமிழ் இல்லை. தமிழ்த் தலைப்புக்கு மிஞ்சுவது வெற்றிடம்.

லாரவெல்லுக்கு அடியில் இருப்பவை பிரான்சில் ஃபபியான் பொத்தான்சியே 2005இல் தொடங்கிய சிம்ஃபொனியின் உறுப்புகள். 2019இல் சிம்ஃபொனி 5 கொண்டுவந்த, எழுத்துச் சரங்களைக் கையாளும் கூறு பைட், குறியீடு, கண் காணும் எழுத்து மூன்றையும் பிரித்தறிகிறது. அதனிடம் ‘அம்மா’வைக் கொடுத்து எழுத்தை எண்ணச் சொன்னேன். 3 என்றது. அந்த விடைக்கு நான் பல வருடம் காத்திருந்தேன்.

எந்த ஃபிரேம்வொர்க் வேகம், எது சுலபம் என்று என்னிடம் தொழில் பழகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேகத்தைப் பிறகு அளக்கலாம். முதலில் ‘கிள்ளான்’ என்று தட்டிப் பாருங்கள் என்கிறேன். புள்ளியும் காலும் உதிராமல் வந்தால் அந்த அச்சில் கல் அறுக்கலாம்.